மலைக்குளிரும் கச்சான் காற்றும்: நுவரெலியாவின் ஓய்வுக் கலாசாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இயற்கையழகில் திளைத்தல் காலங்கடந்த மனித உணர்ச்சி எனக் கொள்ளும் போக்கு நம்மிடையே இன்றும் வலுவாகவுள்ளது. குறிஞ்சித் திணையை அதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உளர். ஆயின், சங்கப் புலவர் பாடிய மலை, தினை விதைத்தும் தேனெடுத்தும் வாழ்ந்த மாந்தரின் வாழ்விடமாகும். உழைப்பினின்றும் விடுபட்டோர் குளிரை நாடிச் சென்று தங்கும் ஓய்விடமாக அது இருக்கவில்லை. மலையை அவ்வாறு காணும் பார்வை, குறிப்பிட்டதொரு வரலாற்றுக் கட்டத்தில், குறிப்பிட்டதொரு வர்க்கத்தின் தேவைகளிலிருந்து முகிழ்த்ததாகும். நுவரெலியாவின் வரலாறு இதனைத் தெளிவுறுத்துகிறது. கல்முனைக் கரையோர மக்களுக்கும் அவ்வரலாற்றோடு தொடர்புண்டு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817-18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1819இல், இராணுவ மருத்துவரான ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளியை அடைந்தார். அதே ஆண்டில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் நீலகிரிக்குச் சென்றமை நோக்கத்தக்கது. இவ்வொற்றுமையைத் தற்செயலெனக் கொள்ளுதல் பொருந்தாது. வெப்பத்தாலும் காய்ச்சலாலும் படையினரை இழந்துகொண்டிருந்த ஏகாதிபத்தியத்திற்குக் குளிர்ந்த மலைகள் இராணுவத் தேவையாக அமைந்தன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமும், 16 பாகை செல்சியசை அண்டிய சராசரி வெப்பநிலையும் கொண்ட நுவரெலியா, ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் படையினர் உடல்தேறும் நிலையமாயிற்று. மருத்துவம் வகுத்த வழியிலேயே பொழுதுபோக்கும் பின்னர் வந்து சேர்ந்தது.

காய்ச்சலிலிருந்து தேறுவதற்காக அங்கு சென்ற சாமுவேல் பேக்கர், 1848இல் ஆங்கிலக் குடியேற்றமொன்றை நிறுவ முனைந்தார். அவர் 1854இலும் 1855இலும் வெளியிட்ட நூல்கள், இலங்கைக் காடுகளை வேட்டைக்களமாகவே சித்திரிக்கின்றன. பதுளையில் அரசாங்க அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரெனப் புகழப்பட்டார். இது வெறும் தனிமனிதக் குரூரமன்று. ஆட்சியுரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்ட 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். சேனைப் பயிர்ச்செய்கையாளனின் காடு, சட்டத்தால் முடியின் காடாயிற்று. பின்னர் கோப்பித் தோட்டமாயிற்று. எஞ்சியது துரைமாரின் வேட்டைக்காடாயிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை மேலோங்கியது. 1876இல் மலைக் கழகமும், 1889இல் கொல்ஃப் கழகமும் அமைந்தன. குளிர் நாட்டு மீனினங்கள் மலையோடைகளில் விடப்பட்டன. இங்கிலாந்தின் கிராமமொன்று வெப்பவலய மலைமீது பெயர்த்து வைக்கப்பட்டது எனலாம்.

இக்குளிர் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்க்கு, அது லயத்தின் ஒற்றை அறையில் கம்பளியின்றிக் கழித்த இரவாகவும், விடியலில் நனைந்த கொழுந்தாகவும் இருந்தது. பயணிகள் பசுமையெனக் கண்டதை அவர்கள் நாட்சம்பளமாகக் கண்டனர். மலையக வாழ்வை ஆங்கிலக் கவிதையிற் பாடிய சி. வி. வேலுப்பிள்ளையின் படைப்பு, சக்தீ அ. பாலையாவின் தமிழாக்கத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' ஆயிற்று. அவர் காட்டும் மலையில் அழகும் உண்டு. ஆனால் அது உழைத்து மடிந்தோரின் நினைவினின்றும் பிரிக்கப்படாத அழகாகும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப்பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது என்பதையும் மறத்தலாகாது.

இனி, நமது கரையோரத்துக்கு வருவோம். தென்மேற் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து மழையைச் சொரிகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்குகையில் அமுக்கமுற்று வெப்பமடைந்து, கல்முனையிலும் சம்மாந்துறையிலும் கச்சானாக வீசுகின்றது. எனவே, நுவரெலியாவின் மூடுபனியும் நமது வயல்களின் வெடிப்பும் ஒரே காற்றின் இரு முகங்களாகும். வடகீழ்ப் பருவமழையை நம்பிப் பெரும்போக வேளாண்மை செய்யும் உழவன், சிறுபோகத்திற்குக் கல்லோயா நீரையே எதிர்பார்க்கிறான். அவ்வாறு ஊவா மலைகளின் கிழக்குச் சரிவில் ஊற்றெடுப்பது. இங்கினியாகலையில் அதனை மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் அமைக்கப்பட்டது. அதன் நீரேந்து காடு 1954இல் தேசிய வனமாயிற்று. இன்று அங்கு படகேறி யானை காணச் செல்லும் பயணிக்கு அது காட்சி. உழவனுக்கோ அக்காடு வாய்க்காலின் தொடக்கம்.

மலைக்காடுகளின் இப்பயனைக் காலனித்துவவாதிகளும் அறியாதவரல்லர். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதெனத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை கூறினார். ஹோர்ட்டன் சமவெளிக் காடு எஞ்சியதற்கு அவ்வாலோசனையும் ஒரு காரணமாகும். ஆயினும், அதற்குக் கீழேயிருந்த சரிவுகளை இலாபவேட்கை மொட்டையடித்தது. அதன் சுமையை எவர் தாங்குகின்றனர்? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு லயங்களைப் புதைத்தது. மழையை இரசிக்கும் இடத்திலிருந்தோரல்லர், மழைக்கு அஞ்சிய இடத்தில் குடியிருத்தப்பட்டோரே அங்கு மாண்டனர்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாயின. 1990களில் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. ஏப்ரல் மாதத்து 'சீசன்' மட்டும் தொடர்கிறது. துரைமார் நடந்த ஏரிக்கரையில் இன்று கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் குடும்பங்களும் உலாவுகின்றன. இதனை நாம் குறைகூறவில்லை. ஒருகாலத்துச் சலுகை பலருக்குரியதாகப் பரவுவது வரவேற்கத்தக்கதே. ஆனால், ஓய்வு பரவிய அளவுக்கு உரிமை பரவவில்லை. நெசவாளரும் உழவரும் வாழும் ஊர்களிலிருந்து செல்லும் நாம், கொழுந்து கொய்வோரைக் காட்சியின் ஒரு பகுதியாகக் கண்டு திரும்புவோமாயின், துரைமாரின் பார்வையையே சுமந்து வருகிறோம். தோட்டத் தொழிலாளிக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் ஓய்வும் கிடைப்பதும், மலைச்சரிவின் காடு காக்கப்படுவதும், கரையோர உழவனின் வாய்க்காலில் நீரோடுவதும் வேறு வேறு கோரிக்கைகளல்ல.