கீழ்ச்சுரத்திலிருந்து ஒரு தலைமை: பாப் டிலனின் பயணக்குழுவில் பேஸ் கலைஞரின் இடம்

பாப் டிலனின் ‘வேர்ல்ட் கான் ராங்’ இசைத்தட்டு 1993இல் வெளிவந்தது. கூட யாரும் இல்லாமல், கிட்டாரும் ஹார்மோனிகாவுமாக அவர் பழைய நாட்டுப்புறப் பாடல்களையும் ப்ளூஸ் பாடல்களையும் பாடிய தட்டு அது. அதன் உறைக்குறிப்பை டிலனே எழுதினார். ரசிகர்களும் பத்திரிகைகளும் ‘முடிவில்லாப் பயணம்’ என்று பெயரிட்டு அழைத்துவந்த அவருடைய தொடர் கச்சேரிப் பயணம், கிட்டாரிஸ்ட் ஜி. இ. ஸ்மித் விலகியதோடு 1991இல் முடிந்துவிட்டதாக அக்குறிப்பில் சொல்கிறார். ஸ்மித் மேடையை விட்டு இறங்கியது 1990 அக்டோபரில். ஆண்டு விஷயத்தில் டிலனை நம்பக் கூடாது என்பது அவரை ஆராய்கிறவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. எனக்கு அந்த வாக்கியத்தில் முக்கியமாகப்படுவது வேறு. தன் பயணத்தின் காலகட்டங்களைப் பிரிக்க டிலன் தன் பாடல்களையோ தட்டுகளையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை. குழுத்தலைவர் போனதைக் கொண்டு பிரிக்கிறார்.

அப்படியானால் ஸ்மித்துக்குப் பின் தொடங்கிய காலம் யாருடையது? 1989 ஜூனில் குழுவில் சேர்ந்து இன்றுவரை நீங்காமல் இருக்கும் பேஸ் கலைஞர் டோனி கார்னியருடையது என்பதே இக்கட்டுரையின் வாதம். டிலனின் மேடைக்குழுவைப் பேஸ் கலைஞர் நடத்துவது கார்னியருக்கு முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. ஆனால் அந்த முன்னோடியின் தலைமையும் கார்னியரின் தலைமையும் ஒரே வகையானவை அல்ல. எங்கே வேறுபட்டன, ஏன் வேறுபட்டன என்பதைக் காலவரிசையில் பார்க்கலாம்.

1965இல் மின்கிட்டாரோடு மேடையேறியபின் டிலனுக்குக் குழு தேவைப்பட்டது. அப்போது கிடைத்தவர்கள் ‘ஹாக்ஸ்’. பின்னாளில் ‘த பேண்ட்’ என்று புகழ்பெற்றவர்கள். ஆண்டுக்கணக்கில் மதுக்கூடங்களில் ஒன்றாக வாசித்துத் தங்களுக்குள் ஒரு பேசா மொழியை உண்டாக்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ரிக் டான்கோ பேஸ் வாசித்தார். ஆனால் அங்கே குழுத்தலைவர் என்ற கேள்வியே எழவில்லை. ஆயத்தமாக வந்த குழுவுக்குத் தனியாக ஒருவரை நியமிக்க வேண்டியதில்லை. 1986–87இல் டாம் பெட்டியின் ‘ஹார்ட்பிரேக்கர்ஸ்’ டிலனுக்கு வாசித்தபோதும், 1987 கோடையில் ‘கிரேட்ஃபுல் டெட்’ வாசித்தபோதும் இதுவே நிலைமை. அங்கங்கிருந்து ஆட்களைப் பொறுக்கி டிலன் சொந்தமாகக் குழு கட்டும்போதுதான் நடுவில் ஒருவர் தேவைப்படுகிறார். ஏனென்றால் டிலன் தன் வாத்தியக்காரர்களிடம் அதிகம் பேசுகிறவர் அல்லர்.

முதல் பெரிய எடுத்துக்காட்டு ராப் ஸ்டோனர். 1975 ஜூலையில் நியூயார்க்கில் ‘டிசையர்’ ஒலிப்பதிவு தொடங்கியபோது, எரிக் கிளாப்டன் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் ஸ்டுடியோவில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் தேறவில்லை. சிறிய குழு போதும் என்று யோசனை சொன்னவர் பேஸ் வாசிக்க வந்திருந்த ஸ்டோனர். டிரம்ஸுக்கு ஹோவி வைத்தையும் அவரே கொண்டுவந்தார். வயலினுக்கு ஸ்கார்லெட் ரிவேரா, உடன்பாட எமிலூ ஹாரிஸ். ஜூலை 30 இரவு ஒரே அமர்வில் தட்டின் பெரும்பகுதி பதிவாகிவிட்டது. 1976இல் வெளிவந்த அந்தத் தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது.

அந்தச் சிறு குழுவே 1975 அக்டோபர் 30 அன்று மாசசூசெட்ஸின் பிளிமத் நகரில் தொடங்கிய ‘ரோலிங் தண்டர் ரெவ்யூ’வுக்குக் கருவானது. டிலனுக்கு மட்டுமல்ல, ஜோன் பேயஸ், ரோஜர் மெக்கின் என்று வரிசையாக மேடையேறியவர்களுக்கும் அதே வாத்தியக்காரர்கள்தான் பின்னணி. ஒரே இரவில் பல பாடகர்கள், பல பாணிகள், நீளமான கச்சேரி. நாடகக் கம்பெனிக்கு ஒரு மேடை நிர்வாகி எப்படியோ, அப்படித்தான் ஸ்டோனர் இருந்தார். அவர் வேலை கண்ணுக்குத் தெரிந்தது. டிலனுக்குப் பக்கத்தில் நின்று உடன்பாடினார். பாட்டின் வேகத்தைப் பிடித்துக்கொடுத்தார். எந்த வாத்தியக்காரர் வேண்டும், வேண்டாம் என்பதில் அவருக்குச் சொல் இருந்தது. 1976இன் ‘ஹார்ட் ரெய்ன்’ தட்டில் அந்தப் பேஸ் முரட்டுத்தனமாக, முன்னால் வந்து ஒலிப்பதைக் கேட்கலாம்.

1978 உலகப் பயணத்துக்கும் குழுவைக் கட்டும் பொறுப்பு ஸ்டோனரிடமே வந்தது. சாக்சஃபோன், பின்னணிப் பாடகிகள் என்று இம்முறை குழு பெரியது. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் முடிந்ததும் ஸ்டோனர் விலகினார். எல்விஸ் பிரெஸ்லிக்கு வாசித்த ஜெரி ஷெஃப் அவர் இடத்துக்கு வந்தார். ஸ்டோனரின் தலைமைக்காலம் மொத்தத்தில் மூன்று ஆண்டுக்கும் குறைவு. அதற்குள் மூன்று வெவ்வேறு ஒலிகளை உருவாக்கிவிட்டுப் போனார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த பத்தாண்டை விரைவாகக் கடக்கலாம். 1979 முதல் 1981 வரையிலான கிறிஸ்தவப் பக்திப் பாடல் காலத்தில் டிம் டிரம்மண்ட் பேஸ் வாசித்தார். ஜேம்ஸ் பிரவுனுக்கும் நீல் யங்குக்கும் வாசித்தவர். ‘சேவ்டு’ பாடலை டிலனோடு சேர்ந்து எழுதியவராகவும் அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. ஒரு பேஸ் கலைஞருக்கு இது அரிய கௌரவம். அதன்பின் 1988 ஜூன் 7 அன்று கலிஃபோர்னியாவின் கான்கார்டில் புதிய பயணம் தொடங்கியபோது டிலனையும் சேர்த்துக் குழுவில் நான்கே பேர். தலைவர், ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்த ஜி. இ. ஸ்மித். டிரம்ஸில் கிறிஸ்டோஃபர் பார்க்கர், பேஸில் கென்னி ஆரன்சன். மறு ஆண்டு ஆரன்சன் உடல்நலம் கெட்டு விலக நேர்ந்தபோது, மாற்று ஆளாக வந்தவர் கார்னியர். மாற்றாள் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் தங்குவார் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கார்னியர் 1956இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் பிறந்தவர். டிலனும் மினசோட்டாக்காரர்தான். கார்னியரின் தாத்தா நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் உலகைச் சேர்ந்த இசைக்கலைஞர். 1970களில் கார்னியர் ‘அஸ்லீப் அட் த வீல்’ குழுவில் வாசித்தார். டெக்சாஸ் நாட்டுப்புற இசையையும் ஜாஸையும் கலந்து ஆடவைக்கும் ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ அவர்களுடைய பாணி. பிறகு நியூயார்க்கில் ராக்கபில்லி பாடகர் ராபர்ட் கார்டனோடும், ஜாஸைக் கொஞ்சம் கேலியும் கொஞ்சம் காதலுமாக வாசித்த ‘லவுஞ்ச் லிசர்ட்ஸ்’ குழுவோடும் வாசித்தார். டாம் வெய்ட்ஸின் ‘ரெய்ன் டாக்ஸ்’ தட்டில் ஒலிக்கும் டபுள் பேஸ் சிலவும் அவருடையவை. ராக், ஸ்விங், நாட்டுப்புறம், ஜாஸ் என்று அமெரிக்க இசையின் நாலு தெருவிலும் குடியிருந்தவர். மின்பேஸும், ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸும் அவருக்கு ஒன்றுபோலக் கைவந்தவை. டபுள் பேஸை விரலாலும் வாசிப்பார், வில்லாலும் வாசிப்பார்.

ஸ்மித் விலகும் தறுவாயில், புதிய கிட்டாரிஸ்ட்டுக்கான தேர்வைக் கச்சேரி மேடையிலேயே நடத்தினார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் முன்னால் ஒருவர் மாற்றி ஒருவராக வந்து வாசித்துப் பார்த்தார்கள். 1991இன் தொடக்கத்தில் டிலன், ஜான் ஜாக்சன், டிரம்ஸில் இயன் வாலஸ், கார்னியர் என்று ஒரு புதுக் குழு ஐரோப்பாவுக்குப் போனது. டிலனின் மேடை வாழ்வில் மோசமான கட்டங்களில் ஒன்றாக அதை விமரிசகர்கள் கணிக்கிறார்கள். பதிவுகளைக் கேட்டால் மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் ஆய்வாளனுக்கு அந்தக் கோணலான கச்சேரிகள்தாம் அதிகம் சொல்கின்றன. டிலன் ஒரு பாட்டை முன்னறிவிப்பின்றித் தொடங்குகிறார், கிட்டார்கள் தடுமாறுகின்றன, இது என்ன பாட்டு என்பதைப் பல இடங்களில் முதலில் உறுதிசெய்வது பேஸ்தான்.

இதற்கு இசைக்காரணம் இருக்கிறது. கிட்டாரில் ‘ஏ மைனர்’ கார்ட் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடியில் பேஸ் ‘ஏ’யை வாசித்தால் அது ஏ மைனராகவே இருக்கும். ‘எஃப்’ வாசித்தால் கேட்பவர் காதில் அது ‘எஃப் மேஜர் செவன்’ ஆகிவிடும். மேலே வாசிப்பவர் ஒரு விரலையும் அசைக்கவில்லை. கீழே இருப்பவர் அவர் வாசித்ததன் பொருளை மாற்றிவிட்டார். தாளத்திலும் இப்படித்தான். டிலன் வரியை இழுப்பார், சுருக்குவார், அடுத்த வரிக்குப் போகாமல் அரைச்சுற்று சும்மா நிற்பார். அடுத்த கார்ட்டுக்கு எப்போது நகர்வது என்பதைக் குழு எங்கிருந்து அறிந்துகொள்ளும்? டிரம்ஸ் வேகத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. கிட்டார் இடத்தைச் சொல்லும், ஆனால் இரண்டு மூன்று கிட்டார்கள் இருந்தால் ஆளுக்கொன்று சொல்லும். தாளத்தையும் சுரத்தையும் ஒரே அடியில் சொல்லக்கூடியது பேஸ் ஒன்றே. பாடகரின் உதட்டைப் பார்த்தே நிரவலின் போக்கைப் பிடிக்கிற மிருதங்கக்காரரைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. கூடுதலாக இவர் சுரத்துக்கும் பொறுப்பாளி. கச்சேரிப் படச்சுருள்களில் கார்னியரின் கண் பெரும்பாலும் டிலனின் மேலேயே இருப்பதன் காரணம் இது.

அடுத்த இருபது ஆண்டில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். டிரம்ஸில் சார்லி குயின்டானா, வின்ஸ்டன் வாட்சன், டேவிட் கெம்பர், ஜார்ஜ் ரெசெலி. கிட்டாரிலும் ஸ்டீல் கிட்டாரிலும் பக்கி பாக்ஸ்டர், லாரி கேம்பல், சார்லி செக்ஸ்டன், ஃப்ரெடி கோயெல்லா, ஸ்டூ கிம்பால், டென்னி ஃப்ரீமன், டானி ஹெரன். ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு கச்சேரி. 1990களில் பாடல் பட்டியல் இரவுக்கு இரவு மாறும், ஏற்பாடுகள் மாறும், சுருதியும் மாறும். புதிதாக வருகிறவருக்கு எழுதிவைத்த சுரத்தாள் எதுவும் உதவாது. இந்தப் பாட்டைப் போன ஆண்டு எப்படி வாசித்தோம், அதற்கு முன் எப்படி, எதை டிலன் கைவிட்டார் என்பதெல்லாம் தங்கியிருந்த இடம் ஒருவருடைய காதும் கையும். ஸ்டோனர் குழுவைக் கட்டினார் என்றால், கார்னியர் குழுவின் நினைவாக இருந்தார். இரண்டையும் ‘பேண்ட்லீடர்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது வசதிதான், ஆனால் துல்லியம் இல்லை.

இந்தத் தலைமையின் பலன் ஸ்டுடியோவுக்குள் வந்துசேரப் பத்தாண்டுக்கும் மேல் ஆனது. 1997இன் ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ பதிவில் கார்னியர் இருந்தார்; ஆனால் தயாரிப்பாளர் டேனியல் லான்வா கூட்டிய பெரும் கூட்டத்தில் அவர் ஒருவர். திருப்பம் 2001இல் வந்தது. அந்த மே மாதம் டிலன் தன் பயணக்குழுவை அப்படியே நியூயார்க் ஸ்டுடியோவுக்கு அழைத்துச்சென்று, ஆகி மேயர்ஸின் ஆர்கனையும் சேர்த்து, பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு பாட்டுப் பதிவு செய்தார். தயாரிப்பாளர் ‘ஜாக் ஃப்ராஸ்ட்’, அதாவது டிலனே. அதுதான் ‘லவ் அண்ட் தெஃப்ட்’. ராக்கபில்லி, ஸ்விங், ப்ளூஸ், பழைய மேடைப்பாட்டு என்று பாணிகள் பாட்டுக்குப் பாட்டு தாவுகின்றன. அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் கச்சேரிகள் பெரும்பாலும் பழைய புளூகிராஸ், கோஸ்பல் பாடல்களோடு தொடங்கியது நினைவிருக்கலாம். டிலன் தங்களுக்குப் பழைய அமெரிக்க இசையைச் சொல்லாமலே கற்பித்திருக்கிறார் என்பது ஸ்டுடியோவில்தான் புரிந்தது என்று டேவிட் கெம்பர் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். கார்னியரைப் பொறுத்தவரை அது கற்பதைவிட நினைவுகூர்வதாகவே இருந்திருக்கும். 1970களில் அவர் வாசித்துக்கொண்டிருந்ததே அந்த இசைதான்.

2002 இலையுதிர் காலத்தில் டிலன் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டுக் கீபோர்டுக்கு மாறினார். சின்ன மாற்றமாகத் தெரியும். ஆனால் அதுவரை டிலனின் கிட்டார் கை காட்டிவந்த குறிப்புகள் குழுவுக்குக் கிடைக்காமல் போயின. பேஸின் பொறுப்பு கூடியது. கார்னியரும் ரெசெலியும் ஏறக்குறைய பதினேழு ஆண்டு ஒன்றாக வாசித்து அந்தப் பள்ளத்தை நிரப்பினார்கள்.

கார்னியரின் வேலை மிகத் துலக்கமாகக் கேட்பது, என் கணிப்பில், 2015இன் ‘ஷேடோஸ் இன் த நைட்’. ஃப்ராங்க் சினாட்ராவோடு அடையாளப்பட்ட பாடல்கள், சினாட்ராவே பாடிய ஹாலிவுட் கேப்பிட்டல் ஸ்டுடியோவில், ஒலிப்பதிவாளர் ஆல் ஷ்மிட்டின் மேற்பார்வையில். ஹெட்ஃபோன் இல்லை, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து நேரடியாக வாசித்தார்கள். சினாட்ராவுக்கு முப்பது நாற்பது பேர் கொண்ட வயலின் வரிசை இழைத்த இடத்தில், இங்கே ஹெரனின் பெடல் ஸ்டீலும் கார்னியர் வில்லால் இழைக்கும் பேஸும் மட்டுமே. டிலனின் குரல் சுரத்தை அப்படியும் இப்படியுமாகத் தேடும்போது அதற்கு மெத்தை விரிப்பது அந்த வில்லோசை. தாளத்தைச் சொல்ல அங்கே பெரும்பாலும் டிரம்ஸே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ரசிகர்கள் வைத்திருக்கும் கணக்குப்படி, முடிவில்லாப் பயணத்தின் 2000ஆவது கச்சேரி 2007 அக்டோபரில் ஓஹையோவின் டேட்டனிலும், 3000ஆவது 2019 ஏப்ரலில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலும் நடந்தன. டிலனோடு அதிகக் கச்சேரி வாசித்தவர் கார்னியர்தான். இரண்டாம் இடத்துக்கு வருகிறவர்கூட அருகில் இல்லை. இத்தனைக்குப் பிறகும் அவர் பெயரில் வெளியில் கிடைக்கும் பேட்டிகள் மிகச் சில. ஸ்டோனர் தன் நாட்களைப் பற்றித் தாராளமாகப் பேசியிருப்பதால் ரோலிங் தண்டர் காலத்துக்குச் சான்றுகள் கொட்டிக் கிடக்கின்றன. நெடுங்காலத் தலைவர் பேசாததால் நெடுங்காலத்தின் வரலாற்றைப் பதிவுகளைக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. டிலன் அவரை வைத்துக்கொண்டதற்கு இந்தப் பேசாமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பெருந்தொற்றால் நின்ற பயணம் 2021 நவம்பர் 2 அன்று மில்வாக்கியில் மறுபடி தொடங்கியது. 2024இல் ஹெரனும் விலகினார். அந்த ஆண்டு கோடையில் டிரம்ஸுக்கு வந்தவர் 82 வயது ஜிம் கெல்ட்னர். 1979இல் டிம் டிரம்மண்டின் பேஸோடு சேர்ந்து வாசித்த அதே கெல்ட்னர். பயணம் நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு வந்தது. 1966 மே மாதம் ஹாக்ஸோடு டிலன் அங்கே வாசித்தபோது ரிக் டான்கோவின் கையில் பேஸ் இருந்தது. கார்னியர் அப்போது செயின்ட் பாலில் ஒன்பது வயதுச் சிறுவன்.