நண்பகலில் ஒலித்த சங்கு



சென்ற வாரம் மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தியபோது பழைய முகக்கவசம் ஒன்று அகப்பட்டது. காதில் மாட்டும் நாடா இற்றுப்போயிருந்தது. அதைக் கையில் எடுத்தவுடன் நோயைவிட அந்நாட்களின் சச்சரவுகளே முதலில் நினைவுக்கு வந்தன. ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டத்தை விட்டு முன்னே வந்தவரை நாம் முறைத்தோம். பேருந்தில் ஒருவர் இருமினால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஆலய வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு நின்ற வாலிபரிடம் பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். இவையெல்லாம் நம் தலைமுறைக்கு மட்டும் நேர்ந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநகரம் இதே வழியில் நடந்து சென்றிருக்கிறது. அதன் வரலாற்றை இன்று உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

1918-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. உலகெங்கும் பரவிய இன்ஃபுளுவென்சா காய்ச்சல், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவைச் செப்டம்பர் மாத இறுதியில் எட்டியது. ஏறக்குறைய 5 லட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. அக்டோபர் 18 முதல் பள்ளிகளும் திரையரங்குகளும் நடனக் கூடங்களும் மூடப்பட்டன. திருச்சபைகள் ஆராதனையை நிறுத்திவைக்க வேண்டும், அல்லது திறந்த வெளியில் நடத்த வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. பேராலயத்தின் வெளிப்படிகளில் மக்கள் முழங்காற்படியிட்டு ஜெபிக்கும் புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. நீதிமன்றங்கூடத் திறந்த வெளியில் கூடியது.

நகரத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் வில்லியம் ஹாஸ்லர் முகக்கவசத்தின்மேல் பெரும் நம்பிக்கை வைத்தார். புண்ணுக்குக் கட்டுப்போடும் மெல்லிய வலைத்துணியைச் சில மடிப்புகளாக மடித்துத் தைத்ததே அக்காலத்து முகக்கவசம். படகுத்துறைக் கட்டடத்தில் செஞ்சிலுவைச் சங்கம் அவற்றை விற்கத் தொடங்கியபோது ஒரு மணி நேரத்துக்குள் 5,000 கவசங்கள் தீர்ந்துபோயின. சில நாட்களில் அந்தக் கணக்கு 1 லட்சத்தை எட்டியது. நவம்பர் 1 முதல் முகக்கவசம் சட்டப்படி கட்டாயமாயிற்று. மீறுவோருக்கு 5 டாலர் முதல் 100 டாலர் வரை அபராதம், அல்லது 10 நாள் வரை சிறை என்று நகர மன்றம் விதித்தது.

தொடக்கத்தில் பெரும்பாலோர் மனமுவந்து கீழ்ப்படிந்தனர். நவம்பர் 11 அன்று போர் ஓய்ந்த செய்தி வந்தபோது, வீதிகளில் திரண்டு ஆர்ப்பரித்த கூட்டம் முகக்கவசத்துடனேயே ஆர்ப்பரித்தது. ஆனால், அன்பானவர்களே, பெரிய துயரத்தைத் தாங்குகிற மனிதன் சிறிய தொல்லையில் தளர்ந்துவிடுகிறான். கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுப் புகைபிடித்தவர்களைக் காவலர்கள் பிடித்தார்கள். முகத்தை மூடாதவர்களுக்கு மக்கள் ஒரு பட்டப்பெயரே வைத்தார்கள். போருக்குப் போகாமல் ஒளிந்துகொண்டவர்களை இகழ அந்நாளில் வழங்கிய அதே சொல்லை இவர்கள்மேலும் வீசினார்கள். முன்பின் அறியாத ஒருவரின் குணத்தை, அவர் முகத்திலிருந்த ஒரு துண்டுத் துணியைக் கொண்டு தீர்மானித்தார்கள்.

அப்போது ஒரு குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. அதைக் காணச் சென்றிருந்த பெரிய மனிதர்கள் சிலர் கவசமின்றி அமர்ந்திருந்ததை ஒரு புகைப்படம் காட்டிக்கொடுத்தது. அவர்களுள் நகர மேயர் ஜேம்ஸ் ரோல்ஃப் இருந்தார். சட்டத்துக்குக் காரணரான டாக்டர் ஹாஸ்லரும் இருந்தார்! மேயர் 50 டாலரும் ஹாஸ்லர் 5 டாலரும் அபராதம் செலுத்தினார்கள். அபராதம் செலுத்திவிட்டால் அந்தக் காரியம் முடிந்ததாகுமா? பிறர்மேல் சுமையைக் கட்டிவைத்துத் தாங்கள் விரலாலும் தொடாதவர்களைக் குறித்து நம் ஆண்டவர் கடிந்துரைத்ததை நீங்கள் அறிவீர்கள். மேய்ப்பர்களாகிய நாங்கள் முதலில் நடுங்க வேண்டிய இடம் அது.

நோய் தணிந்தது. நவம்பர் 21 நண்பகல் 12 மணிக்கு நகரமெங்கும் சங்கு ஒலித்தது. அந்த ஒலி கேட்டவுடன் மக்கள் கவசங்களைக் கழற்றி வீதியில் எறிந்தார்கள். நடைபாதைகள் வெண்துணிகளால் நிறைந்தன. எல்லாம் முடிந்துவிட்டது என்று நகரம் நம்பியது.

ஆனால் சங்கொலியைக் கேட்டு நோய் விலகிப்போகவில்லை. டிசம்பரில் காய்ச்சல் மீண்டும் தலைதூக்கியது. மறுபடியும் கவசம் அணியுங்கள் என்று மேயர் வேண்டிக்கொண்டபோது செவிகொடுத்தவர் மிகச் சிலரே. கட்டாயச் சட்டத்தை மீண்டும் கொண்டுவரும் யோசனையை நகர மன்றம் நிராகரித்தது. அந்நாட்களில் ஹாஸ்லரின் அலுவலகத்துக்கு ஒரு வெடிகுண்டுப் பொதிகூட அனுப்பப்பட்டது. அது வெடிக்குமுன் கண்டுபிடிக்கப்பட்டது. 1919 ஜனவரியில் ஒரே நாளில் 600 பேர் புதிதாக நோயுற்ற பின்பே, 17-ஆம் தேதி முதல் சட்டம் திரும்பி வந்தது. உடனே முகக்கவச எதிர்ப்புச் சங்கம் ஒன்று முளைத்தது. அதன் பொதுக்கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பிப்ரவரி 1 அன்று சட்டம் விலக்கப்பட்டது. அந்தப் பருவம் முடிந்தபோது ஏறக்குறைய 45,000 பேர் நோயுற்றிருந்தனர். 3,000-க்கும் அதிகமானோர் இறந்திருந்தனர்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் பொல்லாதவர்கள் என்று நாம் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அந்தச் சங்கத்தில் மருத்துவர்களும் இருந்தார்கள். 1920-இல் கலிஃபோர்னியா மாநிலச் சுகாதாரத் துறையினர் வெளியிட்ட ஆய்வும், அக்காலத்து வலைத்துணிக் கவசங்கள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்றே கூறியது. துணி கிருமியைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால் மூச்சுவிடக் கடினமாகி, ஓரங்களின் வழியே காற்று கசிந்தது. ஆகவே, முழு உறுதியோடு கட்டளையிட்டவர்களும் முழு உறுதியோடு எதிர்த்தவர்களும் அரைகுறை வெளிச்சத்திலேயே நடந்திருக்கிறார்கள். இருளில் நடப்பவர்கள் ஒருவரையொருவர் கைப்பிடித்து நடந்திருக்கலாம். அவர்களோ ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்டே நடந்தார்கள். ஒவ்வொருவருக்குள்ளும் இருந்த அச்சமும், பல வீடுகளில் இருந்த துக்கமும், அந்தத் துணித்துண்டின்மேல் கோபமாக இறங்கின.

இதை எழுதும் நான் வெளியாள் அல்லன். 2020-ஆம் ஆண்டில் அடக்க ஆராதனைக்கு 20 பேருக்குமேல் கூடக் கூடாது என்ற விதி இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படியோர் அடக்கத்தில் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று தலைகளை எண்ணியவன் நான். இருபத்தொன்றாம் ஆளாக வந்தவர் இறந்த தாயாரின் தம்பி மகன். சிறுவயதில் அவர் மடியில் வளர்ந்தவர். இரவெல்லாம் பயணம் செய்து வந்திருந்தார். "ஐயா, தூரத்தில் நின்று பார்க்கிறேன்" என்றார். விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். விதி சரியானதுதான், அதைக் காத்ததற்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை. ஆனால் அதைச் சொன்ன குரலுக்காக வெட்கப்படுகிறேன். அதில் இரக்கம் இல்லை, அலுப்பு இருந்தது. அன்று காலைமுதல் அனைவரோடும் வாதாடிக் களைத்திருந்தேன். அந்தக் களைப்பு முழுவதையும் அவர்மேல் இறக்கிவைத்தேன். அதன்பின் அவர் நம் ஆலயப் படி ஏறவில்லை.

அன்பானவர்களே, நமக்கும் ஒரு நாளில் சங்கு ஒலித்தது. வட்டங்கள் அழிந்தன, கதவுகள் திறந்தன, பந்திகள் நிறைந்தன. ஆனால் அந்நாட்களில் நாம் பேசிய வார்த்தைகள் எந்தச் சங்கொலியிலும் கலைந்துபோகவில்லை. அடக்கத்துக்கு வரவில்லை என்று பேச்சை நிறுத்திய உடன்பிறப்புகள் நம் நடுவே இருக்கிறார்கள். காய்ச்சல் கண்ட வீட்டாரை ஒதுக்கியதால் இன்னும் மூடிக்கிடக்கும் பக்கத்து வீட்டுக் கதவுகளும் இருக்கின்றன. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி கலாத்தியருக்கு எழுதிய பவுல், அந்தப் பாரம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று அளவு குறிக்கவில்லை. பெரிய பாரத்தைச் சுமக்கப் பலர் முன்வருவோம். அன்றாடத் தொல்லையை முறுமுறுப்பின்றிச் சுமப்பதில்தான் நம் அன்பு சோதிக்கப்படுகிறது.

இந்த வாரம் நான் அந்த மனிதருக்குத் தொலைபேசியில் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, "அத்தையின் கல்லறை எந்த வரிசையில் இருக்கிறது, ஐயா?" என்று கேட்டார். வருகிற சனிக்கிழமை இருவரும் அங்கே போகிறோம்.

உங்கள் இழுப்பறையிலும் ஒரு பழைய முகக்கவசம் இருக்கக்கூடும். அதை எறிந்துவிடுமுன், அந்நாட்களில் உங்கள் வாய்ச்சொல்லால் காயப்பட்ட ஒருவருடைய முகத்தை நினைத்துப் பாருங்கள். அவரிடம் செல்லும் வழியைக் கர்த்தர் உங்களுக்குத் திறந்தருள்வாராக. ஆமென்.