போடி மலைப்பாதையும் பெயரறியா முன்னோடிகளும்

ஓர் ஊரின் பழமையைக் காட்டுவன கோட்டையும் கோயிலும் மட்டும் அல்ல. மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்த பாதையும் ஒரு வரலாற்றுச் சின்னமே. கோட்டைக்குக் காவல் உண்டு. கோயிலுக்குத் திருவிழா உண்டு. பாதைக்கோ, நடப்பவர் உள்ள வரையில்தான் வாழ்வு. நடை நின்றுவிட்டால் சில மழைக்காலங்களுக்குள் புதர் மூடிவிடும். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறிய பழம்பாதைகளின் கதை அத்தகையது.

போடிநாயக்கனூர் ஒரு பழைய பாளையம். பின்னர் ஜமீன் ஆயிற்று. அதன் அரண்மனைச் சுவர்களில் தீட்டப்பெற்ற இராமாயண ஓவியங்கள் கலையறிஞர்களின் கருத்தைக் கவர்ந்தவை. ஆயினும், இவ்வூரை வளர்த்தது அரண்மனை மட்டும் அன்று, மலையும் வளர்த்தது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் புறத்தில் மழையைப் பொழிந்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது வறண்டுபோகிறது. ஆகவே முகட்டுக்கு அப்பால், பெருமரங்களின் நிழலில், ஏலம் செழிக்கிறது. இப்பால் சமவெளியில் தானியம் விளைகிறது. இவ்விரண்டையும் இணைத்தது பாதை. அரிசியும் உப்பும் துணியும் மேலே ஏறின. ஏலக்காய் கீழே இறங்கியது. இவற்றைத் தாங்கியவை மனிதரின் தலையும் பொதிமாட்டின் முதுகுமே.

இம்மலையில் முதன்முதல் வழி கண்டவர் யார்? முதுவர் என்னும் பழங்குடியினர், தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொள்கின்றனர். முதுகிலே சுமந்து வந்தமையால் அப்பெயர் பெற்றனர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. கண்ணன் தேவன் மலை என்னும் பெயரும் அங்கு வாழ்ந்த ஒரு தலைவனின் பெயர் என்பர். இவை வாய்மொழி வரலாறுகள். கல்வெட்டுச் சான்று போல இவற்றைக் கொள்ளல் ஆகாது. கட்டுக்கதை என்று தள்ளிவிடுதலும் ஆகாது.

ஏடுகளில் காணும் வரலாறு அதற்குப் பின்னர் தொடங்குகிறது. 1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியைக் குத்தகையாகப் பெற்றார். 1880-இல் ஷார்ப் என்பவர் பார்வதி என்னுமிடத்தில் தேயிலை பயிரிட்டார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியது. அதே ஆண்டில் ஏலமலைக் காடுகளைத் திருவிதாங்கூர் அரசு ஒதுக்குக் காடாக அறிவித்தது.

தேயிலை பெருகியதும் அதனைக் கீழே கொணரும் கவலை எழுந்தது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளைக் கொண்டு வண்டி இழுக்கச் செய்தனர். 1908-இல் அது நீராவி எஞ்சின் ஓடும் சிறு இருப்புப்பாதையாயிற்று. டாப் ஸ்டேஷன் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கப்பால் மலை செங்குத்தாகச் சரிகிறது. ரயில் இறங்க வழியில்லை. எனவே கம்பிவடம் கட்டித் தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டனர். அவை குரங்கணி, கொட்டக்குடிப் பக்கத்து அடிவாரத்தை அடைந்து, மாட்டுவண்டியேறிப் போடிக்கு வந்தன. அங்கிருந்து ரயிலையும் கப்பலையும் நாடி இங்கிலாந்து வரை சென்றன.

1924-ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழை குண்டளை இருப்புப்பாதையை அழித்தது. அது மீண்டும் எழவே இல்லை. நான்கே ஆண்டுகளில், 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. ஆனால், 1935-இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் பாலம் அமைந்ததும், தேயிலைக்கு மேற்குக் கடற்கரை எளிய வழியாயிற்று. போடிக்கு எஞ்சியது ஏலம். அதுவே அவ்வூரைக் காத்தது. இன்றும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் ஏலக்காய் அங்கே ஏலம் விடப்படுகிறது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்ற ரயிலும், 2023 ஜூனில் மீண்டும் போடியை வந்தடைந்தது.

மாணவர்களே, இவ்வரலாற்றின் அடையாளங்கள் எங்கே உள்ளன? மூணாற்றில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. குண்டளை ரயிலின் சக்கரம் ஒன்றை அங்கே வைத்திருக்கின்றனர். 1894-இல் காலராவால் இறந்த எலினார் நைட் என்னும் ஆங்கில அம்மையாரின் கல்லறையும் அவ்வூரில் பெயரோடு நிற்கிறது. அந்தத் துயரம் மெய்யானது. அதற்குக் கல் நட்டதும் முறையே. ஆனால், அக்காலத்தில் கங்காணியின் பின்னே இம்மலையேறி, காடு திருத்தி, லயங்களில் தங்கி, காய்ச்சலில் மாண்ட தொழிலாளர் எத்தனையோ பேர். அவர்கள் பெயரைத் தாங்கிய கல்லைத் தேடினால் எளிதில் கிடைப்பதில்லை. கம்பிவடத்தின் எச்சங்களும் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1927-ஆம் ஆண்டிலேயே சாலையோரங்களில் வரலாற்றுப் பலகைகளை நடத் தொடங்கியது. பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. வழிப்போக்கரும் நின்று படித்து ஊரின் கதையை அறிய முடிந்தது. எனினும் அப்பலகைகள் பலவற்றில் குடியேறியவரே முன்னோடிகளாக விளங்கினர். அவர்களுக்கு முன் அம்மண்ணில் வாழ்ந்த பழங்குடியினர் மறைந்துபோயினர். விடுபட்டவர்க்கும் பலகை வைக்கும் முயற்சி அங்கே பிற்காலத்தில்தான் எழுந்தது. நாம் தொடங்கும்போதே அக்குறை நேராமல் பார்த்துக்கொள்ளலாம் அன்றோ?

குரங்கணியில் ஒரு பலகை நடுவதாகக் கொள்வோம். அதில் மன்றோவின் பெயர் இருக்கட்டும். 1908-ஆம் ஆண்டும் 1924-ஆம் ஆண்டும் இருக்கட்டும். அவற்றுக்கு முன்னே முதுவரின் பெயர் வரவேண்டும். அவற்றோடு சுமைகாரரும் வண்டிக்காரரும் ஏலக்காய் கொய்த பெண்களும் இடம்பெற வேண்டும். தனிப்பெயர் கிடைக்காவிட்டால் என்ன? இன்ன ஊரிலிருந்து வந்தோர், இன்ன வேலை செய்தோர் என்றேனும் எழுதலாம்.

அதற்குரிய செய்தி பலவும் ஏட்டில் இல்லை. முதியோர் நெஞ்சில் இருக்கிறது. இன்று தொழிலாளர் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் வழியே போடிமெட்டுக்குச் செல்கின்றனர். அவர்களின் பாட்டன்மார் நடந்து ஏறினர். எந்த வழியாக ஏறினர், எங்கே இளைப்பாறினர், எந்தச் சுனையில் நீர் குடித்தனர் என்பதை அறிந்தோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். விடுமுறை நாளில் அவர்களை அணுகிக் கேளுங்கள். சொன்னவரின் ஊரையும் கேட்ட நாளையும் குறித்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதி, உங்கள் பள்ளி நூலகத்தில் வையுங்கள். பலகையில் பொறிக்க வேண்டிய எழுத்துகளை அந்த நோட்டுப் புத்தகம் தரும்.