லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழக வாசல் வரை



கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பத்தாங் பெர்ஜுந்தையை அறியாதவர் நம்மில் யாரும் இல்லை. 2007-ஆம் ஆண்டு முதல் அவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அதனருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டம் வணிக முறையில் தொடங்கப்பட்டது. இன்று அதே பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. செம்பனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே சில மைல் தூரந்தான். ஆனால், அந்தத் தூரத்தைக் கடக்க நம் மக்களுக்குச் சில தலைமுறைகள் ஆயின. வழியில் எத்தனை வாசல்கள் இருந்தன என்பதைத் தெரிந்துகொண்டால், இன்று மனுப் போடும் பிள்ளைக்கு என்ன தேவை என்பதும் விளங்கும்.

முதல் வாசல் தோட்டப் பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பள்ளி வந்தது. ஆனால் பல இடங்களில் ஒரே ஆசிரியர், ஒரே கொட்டகை, படிப்பும் தொடக்க வகுப்புகளோடு சரி. அதற்கு மேல் படிக்கப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போக வேண்டும். பால் வெட்டும் குடும்பத்துக்குச் சம்பளமும் எட்டாது, பஸ் காசும் எட்டாது.

இரண்டாம் வாசல் மொழி. 1962-இல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. 1965 முதல் ஆறாம் வகுப்பு முடித்தவர் தனித் தேர்வின்றி இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல வழி பிறந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து, பிறகு படிவம் ஒன்றுக்குச் சென்றார்கள். அந்த ஓராண்டில் மலாய்மொழியைப் பிடித்துக்கொண்டவர் மேலே ஏறினார். பிடிக்க முடியாதவர் படிவம் மூன்றிலேயே நின்று தோட்டத்துக்குத் திரும்பினார்.

மூன்றாம் வாசலைப் பலரும் மறந்துவிடுகிறோம். அதுதான் பத்திரம். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தது. பிறப்புப் பத்திரமோ குடியுரிமைச் சான்றோ இல்லாத தோட்டத் தொழிலாளர் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினர். இங்கேயே தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் கழித்தனர். பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்தாலும், நீல அடையாளக் கார்டு இல்லாவிட்டால் அரசாங்கப் பல்கலைக்கழக மனு நகராது.

நான்காம் வாசல் இடம். 1969 வரை நாட்டில் இருந்தது மலாயாப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். 1969-இல் பினாங்கிலும், 1970-இல் தேசியப் பல்கலைக்கழகமாகவும், 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகவும் புதியவை தோன்றின. இடங்கள் கூடின. ஆனால் இன விகிதாசாரமும் வந்தது. 2002-இல் தகுதி அடிப்படை நடைமுறைக்கு வந்தது. 2003-இல் மெட்ரிகுலேசன் கல்லூரிகளில் பத்து விழுக்காட்டு இடம் பூமிபுத்ரா அல்லாதவருக்குத் திறந்துவிடப்பட்டது. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்ற எல்லா மாணவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேசன் இடம் என்று அரசாங்கம் அறிவித்தது.

இந்தப் போட்டியை நம்மவர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், தேர்வு எழுதும் மாணவர்களுக்குக் கூடுதல் வகுப்புகள் நடத்தியது. பெற்றோரையும் பிள்ளைகளோடு கல்வி யாத்திரைக்கு அழைத்தது. பிள்ளையின் படிப்பு வீட்டார் அனைவருக்கும் பொறுப்பு என்பதே அது சொன்ன செய்தி.

இவற்றிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? நல்ல மனு கடைசி வாரத்தில் எழுதப்படுவதில்லை. அது பல ஆண்டுகளில் சேர்வது. பிள்ளை பிறந்ததும் பத்திரம் பதிய வேண்டும். பெயரின் எழுத்து எல்லாப் பத்திரத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிவம் நான்கில் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே, விரும்பும் துறைக்கு எந்தப் பாடங்கள் கேட்கிறார்கள் என்று ஆசிரியரிடம் விசாரிக்க வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. சாரணர் இயக்கம், திடல் விளையாட்டு, பேச்சுப் போட்டி ஆகியவற்றின் சான்றிதழ்கள் அந்தப் பத்தில் பேசும். "பந்து விளையாடி என்ன கிடைக்கும்?" என்று இனி நாம் பிள்ளையைக் கேட்க வேண்டாம். இடம் கிடைக்கவில்லையானால், மேல்முறையீடு செய்யத் தவணை உண்டு. அதைத் தவற விடக்கூடாது.

அந்தக் காலத்தில் லயத்து வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். கல்யாணப் புடவையும் கப்பல் சீட்டும் அதில் பத்திரமாய்க் கிடக்கும். இன்று தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் வீடு மாறும்போது முதலில் தொலைவது பிள்ளையின் பத்திரங்களே. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி வைப்போம். பிறப்புப் பத்திரம், பள்ளி அறிக்கை, ஒவ்வொரு சான்றிதழ், எல்லாம் அதில் சேரட்டும். மனு போடும் நாளில் பிள்ளை வெறுங்கையோடு நிற்க வேண்டியிராது.