ஒரே மலை, இரண்டு மழை



கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து முதலில் தங்கியது ஊட்டியில் அல்ல, கோத்தகிரிப் பக்கம். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்று நினைவகமாக இருக்கிறது. 1822-இல்தான் ஊட்டியில் 'ஸ்டோன் ஹவுஸ்' கட்டத் தொடங்கினார். அந்த இடத்தில் இப்போது அரசு கலைக் கல்லூரி. பிறகு சென்னை மாகாணத்துக்கே ஊட்டி கோடைத் தலைநகர் ஆகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் சித்திரை வெயிலை மட்டும் நினைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850, கோத்தகிரி ஏறக்குறைய 1,800. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று வகுப்பில் சொல்வேனே, அந்தக் கணக்குப்படி ஊட்டிக்கும் குன்னூருக்கும் இரண்டரை டிகிரிதான் வித்தியாசம். ஆனால் ஊட்டி ஒரு கிண்ணம் மாதிரி. குளிர்ந்த காற்று கனம் கூடியது, இரவில் பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும். அதனால்தான் தை மாதத்தில் தலைகுந்தா புல்வெளி உப்புக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கிறது. உறைபனி பட்டால் தேயிலை கருகிவிடும்.

மழைதான் பெரிய வித்தியாசம். நடுவில் 2,637 மீட்டரில் தொட்டபெட்டா நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சியில் கொட்டித் தீர்த்து, ஊட்டியையும் நனைத்துவிட்டு, குன்னூர், கோத்தகிரிக்குத் தூறலாகத்தான் வந்து சேரும். ஆகஸ்டில் கூடலூர், குந்தா தாலுகாவுக்கு மட்டும் லீவு விட்டால் குன்னூர்ப் பிள்ளைகள் வானத்தைப் பார்த்து ஏங்குவார்கள். ஐப்பசி வந்ததும் அவர்கள் முறை! வடகிழக்குப் பருவமழை கீழ்நாட்டுப் பக்கமிருந்து ஏறி வந்து முதலில் மோதுவது இவர்கள் சரிவில்தான்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. டிவியில் அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஆகஸ்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். 2009 நவம்பரை மறந்துவிட்டோம். குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்து இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தது அந்த மழையில்தான்.

குன்னூர், கோத்தகிரியில் மனை பார்க்கும் பிள்ளைகள் சித்திரையில் வந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் வாருங்கள். மேலே சரிவை வெட்டியிருக்கிறார்களா, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் 2009-இல் அந்த இடம் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள்.