தீவகத் தென்மோடிக் கூத்தும் இளையோர் பயிற்சியும்

ஊர்காவற்றுறைப் பகுதியிலே, சிறப்பாக மெலிஞ்சிமுனையிலே, கத்தோலிக்கரிடையே தென்மோடிக் கூத்து பயிலப்பட்டு வந்துள்ளது. இளைஞர்க்கு அது கற்பிக்கப்பட்ட முறையே ஈண்டு நோக்கற்பாலது. அண்ணாவியார் ஓரடி பாடுவார். மாணாக்கன் கேட்டுப் பாடுவான். பிழைப்பின் மீண்டும் பாடுவான். பல மாதங்கள் இவ்வாறு கழியும். மீசை அரும்பாத பையன்களுக்குப் பெரும்பாலும் பெண்பாத்திரமே வாய்க்கும். (கூச்சமுடையோர்க்கு அதுவே முதற் சோதனை.) கொப்பியிலே 'விருத்தம்', 'தரு' என்னும் தலைக்குறிப்புகள் உண்டு, மெட்டு எழுதப்படுவதில்லை. அது அண்ணாவியார் குரலிலிருந்து பெறவேண்டியது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனை மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றினார். விடியவிடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடங்கியது. அலங்காரரூபன் நாடகம் முதலிய நூல்களையும் அவர் பதிப்பித்தார். இத்தொண்டு பெரிது. ஆயினும் அவர்தம் மேடை பெரிதும் மட்டக்களப்பின் ஆட்டமரபைத் தழுவியது. பாடலே மேலோங்கிய யாழ்ப்பாணத் தென்மோடியைப் பயிற்றுதற்கு அது முழுமாதிரி ஆகாதென்பதே எமது துணிபு.

1990களின் தொடக்கத்திலே தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கொப்பியை எடுத்துச் செல்லல் கூடும். மாலைதோறும் கூடிப் பாடிய பிள்ளைகளோ வெவ்வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் சிதறினர். பிற்காலத்து ஒலிப்பதிவுகள் மெட்டைத் தரும். தருவின் நடுவே தடுமாறும் பதினைந்து வயதுப் பையனை நிறுத்தித் திருத்த, இன்னும் அண்ணாவியாரே வேண்டியுள்ளார்.