மறந்துவிடக் கூடாத தொட்டி



வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் மட்டும்தான் என்று பலர் எண்ணிக்கொள்கிறோம். நம் வீட்டுக் கழிவறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. ஏனெனில், அந்த வரலாற்றில் நம் பாட்டன் பாட்டிமார் இழந்த இரத்தமும் சேர்ந்திருக்கிறது.

மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தை நினைத்துப் பாருங்கள். காட்டை அழித்தார்கள், கன்றுகளை நட்டார்கள், லயங்களைக் கட்டினார்கள். ஆனால் தக்க கழிவறை எல்லா இடத்திலும் இருக்கவில்லை. செடி மறைவே பலருக்குக் கழிவறையாயிற்று. அந்த ஈரமண்ணில்தான் மக்கள் வெறுங்காலோடு வேலைக்கு நடந்தார்கள்.

அங்கே ஒளிந்திருந்த பகைவன்தான் கொக்கிப்புழு. மனித மலத்தோடு வெளியேறும் இதன் முட்டைகள் ஈரமண்ணில் பொரிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுப்புழுக்கள் பாதத்தின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய், குடலைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். தோல் வழியே இவை நுழைகின்றன என்பதை 1898ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கண்டறிந்தார். புழுக்கள் இருந்த நீர் அவருடைய கைமேல் சிந்தியது. அந்த இடம் அரித்துச் சிவந்தது. பின்னர் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன.

இரத்தம் குன்றியவர் வேலையில் தளர்வார். தளர்ந்தவரைச் சோம்பேறி என்று பழிப்பது எளிது. அவருடைய நோயைக் கண்டறிவதுதான் கடினம். 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயாவில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் பற்றி ஆராயத் தொடங்கியது. டார்லிங், பார்பர், ஹேக்கர் ஆகிய மூவர் அக்குழுவில் பணியாற்றினர். மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். ஆனால் மண்ணில் மலம் கலந்துகொண்டே இருந்தால் அது மறுபடியும் ஏறிக்கொள்ளும். ஆகவே மருந்தோடு கழிவறையும் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

கழிவறை வந்தால் மட்டும் போதுமா? சேரும் கழிவை என்ன செய்வது? சில இடங்களில் குழி தோண்டினார்கள். நகரங்களில் வாளி வைத்தார்கள். அதை மனிதர்களே சுமந்து அகற்றினார்கள். சிங்கப்பூரில் இந்த வாளி முறை 1987ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. மனிதன் மனிதனின் மலத்தைச் சுமக்கும் அந்த இழிநிலையை ஒழிக்க உதவியவற்றுள் ஒன்றுதான் செப்டிக் தொட்டி.

1860ஆம் ஆண்டு வாக்கில், பிரான்சு நாட்டின் வெசூல் என்ற ஊரில் ழான் லூயி மூராஸ் என்பவர் காற்றுப் புகாத கழிவுத் தொட்டி ஒன்றைக் கட்டினார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, எதிர்பார்த்த அளவு கட்டிக் கழிவு அதில் இல்லை. பெரும்பகுதி நீராகவே இருந்தது. 1881ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். தானே துப்புரவு செய்துகொள்ளும் தொட்டி என்று அது புகழப்பட்டது. 1895ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் என்ற பொறியாளர் இத்தகைய தொட்டியை அமைத்து, அதற்குச் 'செப்டிக்' என்று பெயரும் கொடுத்தார்.

நேயர்களே, அந்தப் புகழ்ச்சியில்தான் ஒரு தவறும் பிறந்தது. தொட்டி எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும் என்று அன்று நம்பினார்கள். நம்மில் பலர் இன்றும் அப்படித்தான் நம்புகிறோம். உண்மை என்ன? தொட்டிக்குள் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது. எண்ணெயும் நுரையும் ஆடையாக மேலே மிதக்கும். நடுவில் நீர் நிற்கும். அடியில் சேறு படியும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் சேற்றின் ஒரு பகுதியைச் செரிக்கும். எஞ்சியது ஆண்டுக்கு ஆண்டு உயரும். நீர் நிற்கும் இடம் குறையக் குறைய, மலம் படிவதற்கு நேரமின்றி வெளிக்குழாய் வழியே போய்விடும். நம் நாட்டில் பல வீடுகளின் தொட்டிநீர் வாசல் கால்வாயில்தான் விழுகிறது. அங்கேதான் பந்தைத் தேடி நம் பிள்ளைகள் இறங்குகிறார்கள். அப்படியானால், பாட்டன் காலத்து மண்ணை நாமே திரும்ப அழைத்து வந்ததாகாதா?

எப்போது சேற்றை எடுக்க வேண்டும்? தீபகற்ப மலேசியாவில் 2 ஆண்டுக்கு ஒரு முறை எடுப்பது நெறியாகக் கூறப்படுகிறது. ஆனால் மூன்று பேர் உள்ள வீட்டுத் தொட்டியும் பத்துப் பேர் உள்ள வீட்டுத் தொட்டியும் ஒன்றுபோல் நிரம்புமா? அளந்து பார்ப்பதே நலம். நீண்ட கழியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, மேலிருந்தபடியே அடிவரை விட்டு எடுத்தால் சேற்றின் உயரம் துணியில் கறையாகத் தெரியும். சேறும் மேலாடையும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால், லோரிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். கழிவறையில் நீர் மெல்ல இறங்குவதும், குழாய் களகளவென்று ஒலிப்பதும், கால்வாயில் கருநீர் நாறுவதும் காலம் கடந்துவிட்டதன் அறிகுறிகள்.

பழைய சமையல் எண்ணெய், குழந்தையின் கால்துணி, பஞ்சு, பிளாஸ்டிக் ஆகியவற்றைக் கழிவறையில் போடாதீர்கள். குளோராக்ஸ் போன்ற மருந்துகளை அளவின்றி ஊற்றினால் நமக்காக உழைக்கும் நுண்ணுயிர்கள் மாண்டுபோகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. தலையைக்கூட உள்ளே நீட்டக் கூடாது. அங்குள்ள நச்சுவாயு சில மூச்சுகளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் மாண்ட நிகழ்ச்சிகள் உண்டு. கூலிக்காகவும் ஒருவரை இறக்காதீர்கள். உறிஞ்சும் குழாய் உள்ள லோரிதான் அந்த வேலைக்கு உரியது. தொட்டியின் மூடி உடைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.

தோட்ட நிர்வாகம் தந்த வீடாக இருந்தால், தொட்டியைப் பராமரிக்கும் பொறுப்பை நிர்வாகத்திடம் கேட்கத் தயங்காதீர்கள். நான்கு குடும்பங்கள் சேர்ந்து எழுத்தில் கேட்டால் அதற்கு வலிமை கூடும். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடியேறியவர்களுக்கோ அந்தப் பொறுப்பு அவர்களுடையதே. கடைசியாகச் சேறு எடுத்த தேதியை வீட்டு நாள்காட்டியிலோ, மின்சாரப் பெட்டியின் மூடியிலோ எழுதி வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் அந்தக் கணக்கை ஒப்படையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாததால் தொட்டியை மறக்கிறோம். நம் முன்னோரை வாட்டிய புழுவும் கண்ணுக்குத் தெரியாததுதான். அவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. நமக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்ததைச் செய்வோம்.